முதல் டெக் டைவிங் வகுப்பு: நேராகக் கிளம்புவதா, இங்கேயே பழகிவிட்டுப் போவதா?

தாய்லாந்தின் கோ தாவ் தீவுக்குப் பக்கத்தில், ஆறு மீட்டர் ஆழத்தில், என் பிடரிக்குப் பின்னால் இருந்த வால்வைத் தேடிக்கொண்டிருந்தேன். கை எட்டவில்லை. முதுகில் இரட்டை சிலிண்டர். பத்து வருடம் கம்ப்யூட்டர் முன்னால் குனிந்து குனிந்தே இறுகிப்போன தோள், பின்பக்கம் வளைய மறுத்தது. எட்ட முயலும்போதெல்லாம் உடம்பு செங்குத்தாக நிமிரும், ஒரு மீட்டர் மேலே போவேன், சரிசெய்கிறேன் பேர்வழி என்று இரண்டு மீட்டர் கீழே விழுவேன். ஆறு நாள் டெக் டைவிங் வகுப்பில், அதாவது சாதாரண ஸ்கூபா எல்லையைத் தாண்டப் பழக்கும் வகுப்பில், மூன்று நாள் அதிலேயே கரைந்தது. நான்காம் நாள் மாலை பயிற்றுநர் பொறுமையாகச் சொன்னார்: டெகோ டைவ் (வழியில் நின்று நின்று மேலே வரும் டைவ்) இந்த முறை வேண்டாம், ஊருக்குப் போய்ப் பழகிவிட்டு வாருங்கள். சான்றிதழ் இல்லாமல் மீனம்பாக்கத்தில் வந்து இறங்கினேன்.

போன மாதம் அலுவலகத்தில் ஒரு தம்பி கேட்டான்: "அண்ணா, எனக்கு நாற்பது டைவ் ஆச்சு. நைட்ராக்ஸ் கார்டு இருக்கு. டெக் கோர்ஸுக்கு நேரா வெளிநாடு போயிடலாமா, இல்ல இங்க ஏதாவது பண்ணிட்டுப் போகணுமா?" (நைட்ராக்ஸ் என்றால் ஆக்ஸிஜன் கூட்டிய காற்று.) டீக்கடையில் அவனுக்குச் சொன்ன பதிலைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

சாதாரண ஸ்கூபாவின் எல்லை 40 மீட்டர். அதற்குள்ளும், எந்த நேரத்திலும் நேராக மேலே வந்துவிடலாம் என்கிற அளவில்தான் இருப்போம். டெக் டைவிங்கில் அந்தச் சலுகை கிடையாது. உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேற, வழியில் நின்று நின்றுதான் வர வேண்டும். இதுதான் டெகம்ப்ரஷன், பேச்சில் டெகோ. தலைக்கு மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு கூரை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ன கோளாறு வந்தாலும் அந்தக் கூரைக்குக் கீழேயே இருந்து சரிசெய்ய வேண்டும். தூத்துக்குடிப் பக்கம் படகு கம்ப்ரஸரிலிருந்து குழாய் வழியே காற்று வாங்கிச் சங்கு குளிப்பவர்களில் சிலர் மூட்டுவலியோடும் மரத்துப்போன கால்களோடும் கரையேறியதற்குக் காரணம் இந்தக் கூரைதான். அவர்கள் கையில் யாரும் டெகோ அட்டவணை கொடுக்கவில்லை.

சரி, வழிகள் என்னென்ன?

முதலாவது, முழு டெக் வகுப்பு. டைவிங் சான்றிதழ் தரும் டிடிஐ (TDI) அமைப்பின் அட்வான்ஸ்டு நைட்ராக்ஸ், டெகம்ப்ரஷன் புரொசீஜர்ஸ் இரண்டையும் பெரும்பாலும் சேர்த்தே நடத்துவார்கள். ஒரு வாரம், 45 மீட்டர் வரை. நான் போய்த் தோற்றது இதில்தான்.

இரண்டாவது, படிப்படியான வழி. இதேபோல் சான்றிதழ் தரும் பாடி (PADI) அமைப்பின் டெக் 40. (அம்பத்தூர் பக்கத்துப் பாடிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) இதற்கு 30 டைவ் பதிவு வேண்டும், அதில் குறைந்தது பத்து நைட்ராக்ஸோடு 18 மீட்டருக்குக் கீழே போனதாக இருக்க வேண்டும். ஆழம் 40 மீட்டரோடு சரி, மொத்த டெகோ பத்து நிமிடத்தைத் தாண்டக்கூடாது. அடுத்த படியான டெக் 45க்கு 50 டைவ், டெக் 50க்கு 100.

மூன்றாவது, டெகோவே இல்லாத அடித்தள வகுப்பு. டிடிஐயின் இன்ட்ரோ டு டெக், இல்லையென்றால் ஜியுஇ (GUE) என்ற இன்னொரு அமைப்பின் ஃபண்டமென்டல்ஸ். பின்னதில் 18 மீட்டருக்குக் கீழே போகவே மாட்டீர்கள். நாலைந்து நாளும் மிதவை, உடம்பைக் கிடைமட்டமாக வைப்பது, காலில் மாட்டும் ஃபின்னை அடிக்கும் முறைகள், கூட வரும் துணைக்குக் காற்றுக் கொடுப்பது என்றே போகும். காசு கொடுத்து 18 மீட்டரில் மிதக்கவா என்று நானும் ஒரு காலத்தில் சிரித்தவன்தான்.

இப்போது என்னைக் கேட்டால் மூன்றாவதுதான். காரணம் எளியது. முழு வகுப்பில் உங்களுக்குக் கற்றுத்தர வேண்டியது டெகோ திட்டம், வாயு மாற்றுவது, அவசரநிலை. இவை எல்லாவற்றுக்கும் அடியில், ஒரே ஆழத்தில் அசையாமல் நிற்க முடியும் என்கிற அனுமானம் இருக்கிறது. அந்த அனுமானம் பொய்யாக இருந்தால் வாரம் முழுவதும் பயிற்றுநர் உங்களுக்கு மிதக்கத்தான் கற்றுக்கொடுப்பார், டெக் வகுப்புக் கட்டணத்தில். மிதக்கக் கற்றுக்கொள்ளக் கோ தாவ் தேவையில்லை.

நாற்பது டைவ் போட்டவருக்கு மிதவை வராதா என்று தம்பி கேட்டான். வரும், நீந்திக்கொண்டே இருக்கும்வரை வரும். முன்னால் போய்க்கொண்டிருக்கும்போது ஃபின் நம் தவறுகளை மறைத்துவிடுகிறது. நின்ற இடத்தில், கை அசைக்காமல், மாஸ்க்கைக் கழற்றி மாட்டிக்கொண்டே ஐந்து நிமிடம் ஒரே ஆழத்தில் இருந்து பாருங்கள். யாராவது வீடியோ எடுத்துக் கொடுத்தால் இன்னும் நல்லது. முதல் வீடியோவில் நான் கடற்குதிரை மாதிரி நின்றுகொண்டிருந்தேன். எனக்கோ நான் படுத்த நிலையில் இருப்பதாகத்தான் நினைப்பு.

இது ஏன் உயிர் விஷயம் என்பதற்கு ஒரு கணக்கு. டெகோவில் நாம் வழக்கமாகக் கொண்டுபோகும் வாயு 50 சதவீத ஆக்ஸிஜன். அதை 21 மீட்டரில் வாயில் வைத்தால் ஆக்ஸிஜன் அழுத்தம் சுமார் 1.55 பார், ஏற்றுக்கொள்ளப்பட்ட உச்சம் 1.6. அதே சிலிண்டரை மறந்துபோய் 40 மீட்டரில் வாயில் வைத்தால் 2.5. அந்த அளவில் எச்சரிக்கையே இல்லாமல் வலிப்பு வரலாம். தண்ணீருக்கடியில் வலிப்பு என்றால் மூச்சிழுக்கும் ரெகுலேட்டர் வாயிலிருந்து நழுவும், மிச்சத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. சரியான ஆழத்தில் நின்று, சிலிண்டரில் ஒட்டிய எண்ணைப் படித்து, துணையிடம் காட்டி, பிறகு வாயில் வைக்கிற அந்த முப்பது விநாடியில் மூன்று மீட்டர் மேலும் கீழும் போய்வருகிற ஆளுக்கு இந்த விளையாட்டு வேண்டாம்.

முழு வகுப்பு குறித்து எனக்கு இன்னொரு மனக்குறையும் உண்டு. ஆழம் போகப்போக நாம் மூச்சிழுக்கும் காற்று அடர்த்தியாகிறது. லிட்டருக்கு 5.2 கிராமுக்குள் வைத்துக்கொள்வது நல்லது, 6.2ஐத் தாண்டவே கூடாது என்பது இப்போது பரவலாகச் சொல்லப்படும் வழிகாட்டல். சாதாரணக் காற்று முதல் அளவை ஏறத்தாழ 30 மீட்டரிலும் இரண்டாவதை 38 மீட்டர் வாக்கிலும் தொட்டுவிடுகிறது. நைட்ராக்ஸின் அடர்த்தியிலும் பெரிய வித்தியாசம் இல்லை. அப்படியென்றால் லேசான ஹீலியம் வாயுவைக் கலக்காமல் 45 மீட்டர் போவது, சான்றிதழ் அனுமதித்தாலும், நுரையீரலுக்குச் சுமைதான். கரியமில வாயு தேங்கும், தலை கிறுகிறுக்கும். ஆகவே முதல் வகுப்பின் ஆழ எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். பத்து நிமிட டெகோ என்று கையைக் கட்டிப்போடும் டெக் 40ஐக் கிண்டல் செய்பவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கட்டு பிடித்திருக்கிறது.

அப்போது நேராக முழு வகுப்புக்குப் போகத் தகுதியானவர் யாருமே இல்லையா? இருக்கிறார்கள். நூறு டைவுக்கு மேல் போட்டு, டைவ்மாஸ்டராக வேலை பார்த்து, தினமும் தண்ணீரில் இருப்பவர்கள். வருடத்துக்கு இரண்டு தடவை லீவு போட்டுப் போகும் ஓஎம்ஆர் ஆட்களான நாம் அந்த வகையில் வர மாட்டோம்.

எங்கே பழகுவது?

சென்னைக் கடலைப் பற்றி டைவர்களிடம் ஒரு ஏளனம் உண்டு. கோவளத்தில் ஒரு நாள் படகுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "சார், தண்ணி இன்னைக்கு டீ மாதிரி இருக்கு சார்" என்றார். இறங்கினால் நீட்டிய கை தெரிந்தது, விரல் தெரியவில்லை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அதாவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை, இந்தப் பக்கம் பேச்சே வேண்டாம். பொங்கலுக்குப் பிறகு கடல் அடங்கத் தொடங்கும். அப்புறமும் தெளிவு என்பது காற்றையும் நீரோட்டத்தையும் பொறுத்ததுதான்.

ஆனால் கலங்கல் தண்ணீரில் ஒரு லாபம் இருக்கிறது. தெளிந்த தண்ணீரில் பவளப்பாறையைப் பார்த்தே நம் ஆழத்தை நிதானித்துக்கொள்வோம். இங்கே பார்க்க ஒன்றுமில்லை. ஆழம் காட்டும் டைவ் கணினியின் எண்ணும் காதுக்குள் உணரும் அழுத்தமும்தான். டெகோ நிறுத்தங்களும் அப்படித்தான் இருக்கும், நடுக்கடலில், சுற்றிலும் நீலம் தவிர எதுவும் இல்லாமல். இங்கே பழகியவருக்கு அது புதிதாக இருக்காது.

ஈசிஆரில் மூன்று மணி நேரம் போனால் புதுச்சேரி. 18 மீட்டர் வாக்கில் டெம்பிள் ரீஃப் என்ற செயற்கைப் பாறைத்திட்டு இருக்கிறது. சனிக்கிழமை விடியற்காலை கிளம்பி, இரண்டு டைவ் போட்டு, ராத்திரி வீட்டுக்கு வந்துவிடலாம். மாதம் இரண்டு சனிக்கிழமை என்று ஆறு மாதம் போனால் இருபத்துநாலு டைவ். ஒவ்வொன்றிலும் மீன் பார்க்கப் பதினைந்து நிமிடம், வேலைக்குப் பதினைந்து நிமிடம் என்று பிரித்துக்கொண்டேன். தவளை மாதிரி கால் அடிக்கும் ஃப்ராக் கிக், பின்னோக்கி நீந்துவது, நின்ற இடத்திலேயே திரும்புவது, மிதந்தபடியே சிக்னல் பலூனை மேலே விடுவது. பலூனை விடுகிறேன் என்று முதல் மூன்று தடவை நானே கூடச் சேர்ந்து மேலே போனேன்.

நீச்சலுக்கு வேளச்சேரி நீச்சல் வளாகம். ஜியுஇ வகுப்பில் 275 மீட்டரைப் பதினாலு நிமிடத்துக்குள் நிற்காமல் நீந்த வேண்டும், மூச்சைப் பிடித்து நீருக்கடியில் 15 மீட்டர் போக வேண்டும். ஐம்பது மீட்டர் குளத்தில் ஐந்தரை நீளம், கணக்கில் சுலபம். புகைபிடிப்பவரை அந்த அமைப்பு சேர்த்துக்கொள்ளாது. இதைப் படித்த அன்றே ஒரு நண்பர் பாடியே போதும் என்று முடிவெடுத்தார்.

வகுப்பை எங்கே வைத்துக்கொள்வது என்பதில் நான் ரொம்ப யோசிக்க மாட்டேன். இந்தியாவில் டெக் பயிற்றுநர்கள் குறைவு. முதலில் புதுச்சேரியிலும் அந்தமானின் ஹேவ்லாக் தீவிலும் விசாரியுங்கள். ஹேவ்லாக்குக்குச் சென்னையிலிருந்து விமானம் இரண்டேகால் மணி நேரம், அப்புறம் கப்பல். பருவம் அக்டோபர் முதல் மே வரை. தமிழிலோ இந்தியிலோ சந்தேகம் கேட்க வாய்ப்பிருப்பது ஒரு வசதி. பதற்றத்தில் ஆங்கிலம் வராது, பார்த்திருக்கிறேன். கோ தாவுக்கு பாங்காக், ராத்திரி பஸ், சும்போன், படகு என்று ஒரு முழு நாள் போகும். ஆனால் அங்கே இரட்டை சிலிண்டரும் ஆக்ஸிஜனும் கேட்ட உடனே கிடைக்கும், தண்ணீர் வெதுவெதுப்பு. தாய்லாந்து வளைகுடா அதிக ஆழமில்லாதது. முதல் வகுப்புக்கு அது குறையே இல்லை. எகிப்தின் தஹாப் டெக் ஆட்களின் மெக்கா. கரையிலிருந்தே நடந்து இறங்கினால் ஆழம் வந்துவிடும், படகுச் செலவே இல்லை. ஆனால் குளிர்காலத்தில் தண்ணீர் 21, 22 டிகிரிக்கு இறங்கும். அரை மணி நேரம் அசையாமல் டெகோவில் நிற்கும் சென்னை உடம்புக்கு அது மார்கழிக் குளியல். இரண்டாவது வகுப்புக்கு வைத்துக்கொள்ளலாம்.

இலங்கையை ஏன் விட்டுவிட்டேன் என்று கேட்பீர்கள். மட்டக்களப்புக்கு அப்பால் சுமார் 53 மீட்டரில் ஹெர்மிஸ் கிடக்கிறது. விமானந்தாங்கியாகவே வடிவமைக்கப்பட்ட உலகின் முதல் கப்பல், 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தது. தம்பியின் டெக் ஆசைக்கே அந்தக் கப்பல்தான் காரணம். ஆனால் எண்ணைப் பாருங்கள்: முதல் வகுப்பின் 45 மீட்டர் அட்டையோடு அதன் அடிவரை போக முடியாது.

முதுகிலா, பக்கத்திலா?

அமைப்பைவிட, இடத்தைவிட, எனக்குப் பெரிய முடிவாகத் தோன்றுவது இதுதான். முதுகில் குழாயால் இணைத்த இரட்டை சிலிண்டரா, இரு விலாவிலும் தனித்தனியாக மாட்டும் சைட்மவுண்டா?

எதற்கு இரண்டு சிலிண்டர் என்பதற்கும் கணக்குதான். மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவர், 40 மீட்டரில் ஐந்து மடங்கு, அதாவது 100 லிட்டர் இழுப்பார். வாடகைக்குக் கிடைக்கும் 11 லிட்டர் அலுமினிய சிலிண்டரில் 200 பாருக்கு சுமார் 2,200 லிட்டர். இருபத்திரண்டு நிமிடத்தில் சுத்தமாகக் காலி, மேலே வருவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. 12 லிட்டர் இரட்டையில் 4,800 லிட்டர். மூன்றில் ஒரு பங்குதான் போவதற்கு என்று வைத்தால் பதினாறு நிமிடம். அவ்வளவுதான் ஆடம்பரம்.

இரட்டையின் பலம், ஒரு ரெகுலேட்டர் பழுதானாலும் அந்தப் பக்க வால்வை மூடிவிட்டு மிச்சக் காற்று முழுவதையும் மறுபக்கம் வழியே எடுக்கலாம். அதற்குத்தான் அந்தப் பிடரி வால்வுப் பயிற்சி. பலவீனம், சென்னையிலும் புதுச்சேரியிலும் இணைப்போடு கூடிய இரட்டை வாடகைக்குக் கிடைப்பது அரிது. எடை முப்பது கிலோவுக்கு மேல். ஃபைபர் படகில் அதை மாட்டிக்கொண்டு பின்னால் சாய்ந்து விழுவது சுலபம், அலையில் ஏறி வருவது பெரும்பாடு.

சைட்மவுண்டுக்கு எங்கும் கிடைக்கும் சாதாரண சிலிண்டர் இரண்டு போதும். வால்வு கைக்குள், கண்ணுக்கு எதிரே. திரும்பி வரும்போது தண்ணீரிலேயே கழற்றி ஒவ்வொன்றாகப் படகுக்காரரிடம் கொடுத்துவிடலாம். தொல்லை என்னவென்றால், இரண்டிலிருந்தும் மாற்றி மாற்றி மூச்சிழுத்துச் சமமாக வைத்துக்கொள்ள வேண்டும். வாரும் ரப்பரும் உடம்புக்குப் பொருந்த நாலைந்து டைவ் பிடிக்கும். சரியாக மாட்டத் தெரியாவிட்டால் சிலிண்டர்கள் அடிவயிற்றுக்குக் கீழே மணி மாதிரி தொங்கும்.

வாரக்கடைசியில் இங்கேயே பழகப்போகிறவருக்கு என் ஓட்டு சைட்மவுண்டுக்கு. பழக முடிகிற கருவிதான் நல்ல கருவி. ஒரே சிக்கல், ஜியுஇ ஃபண்டமென்டல்ஸ் சைட்மவுண்டில் கிடையாது, முதுகில்தான். ஆகவே கருவியை முடிவு செய்தால் அமைப்பும் பாதி முடிவாகிவிடுகிறது. சைட்மவுண்ட் என்றால் இன்ட்ரோ டு டெக்கையோ பாடியின் டெக் சைட்மவுண்டையோ பாருங்கள். இரட்டைதான் வேண்டும் என்பவர்கள் வகுப்புக்கு மூன்று மாதம் முன்பே தோள் பயிற்சியைத் தொடங்கிவிடுங்கள். கதவில் மாட்டிய துண்டைத் தலைக்குப் பின்னால் பிடித்து இழுப்பதுதான் என் பிசியோதெரபி.

வாங்குவதில் ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டிலிருந்து சிலிண்டர் கொண்டுவர ஆசைப்பட வேண்டாம். உயர் அழுத்த சிலிண்டர்களுக்கு இங்கே பெசோ (PESO) என்ற மத்திய அரசு அமைப்பின் ஒப்புதல் வேண்டும், அந்த அலைச்சலுக்கு வாடகையே மேல். ரெகுலேட்டர், விங் என்கிற மிதவைப் பை, டைவ் கணினி இவை மூன்றும் சொந்தமாக இருக்கட்டும். ரெகுலேட்டரைத் திருகி மாட்டும் டின் (DIN) வகையில் வாங்கி, இங்கே பழைய வகை வால்வுக்கு ஒரு அடாப்டர் வைத்துக்கொள்ளலாம். டெகோ சிலிண்டருக்கான ரெகுலேட்டரை ஆக்ஸிஜனுக்கென்று சுத்தம் செய்து தரச் சொல்லுங்கள். 40 சதவீதத்துக்கு மேல் போனால் அது கட்டாயம். கட்டணம் கேட்கும்போது ஆக்ஸிஜன், வாடகை, படகு, அட்டைக் கட்டணம் சேர்த்தா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மலிவாகத் தெரியும் வகுப்புகளின் கணக்கு இந்த நான்கில்தான் ஏறும்.

உடம்பு விஷயம் சுருக்கமாக: மருத்துவப் படிவத்தில் பொய் எழுத வேண்டாம். 45 வயதைத் தாண்டியவர்களுக்குத் தனிக் கேள்விகள் உண்டு. ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு இதயத்தின் மேலறைச் சுவரில் பிறவியிலேயே மூடாமல் விட்ட சிறு வழி இருக்கும். சாதாரண வாழ்வில் அது தொந்தரவே இல்லை, டெகோவில் குமிழிகள் அதன் வழியே தப்பலாம். முன்பு எப்போதாவது காரணமில்லாமல் டைவுக்குப் பின் தோல் அரித்தோ மரத்தோ போயிருந்தால் இதய மருத்துவரிடம் கேளுங்கள். சாதாரணக் காப்பீடு சாகச விளையாட்டு என்று கைவிரிக்கக்கூடும், டைவிங்குக்கான தனிக் காப்பீடு எடுங்கள். டெகோ டைவுக்குப் பிறகு விமானம் ஏற 24 மணி நேரமாவது விடுங்கள். ஞாயிறு இரவு விமானம், திங்கள் காலை ஸ்டாண்ட்-அப் மீட்டிங் என்றால் சனிக்கிழமை மதியத்தோடு டைவ் முடிய வேண்டும். லீவு கேட்கும்போதே அந்த ஒரு நாளையும் சேர்த்துக் கேளுங்கள்.

பாடம் படிக்க ஆரம்பித்தால் ஹால்டேன் என்ற பெயர் முதல் அத்தியாயத்திலேயே வரும். நிறுத்தி நிறுத்தி மேலே வரும் முறையை ஆடுகளை வைத்துச் சோதித்து 1908இல் வெளியிட்டவர் ஜே.எஸ். ஹால்டேன். அவர் மகன் ஜே.பி.எஸ். ஹால்டேனும் அழுத்த அறைக்குள் தன்னையே சோதனைக்கு உட்படுத்திக்கொண்டவர். 1957இல் இந்தியாவுக்கே குடிவந்து, 1964இல் புவனேஸ்வரில் இறந்தார். டெகோ கணினியின் எண்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஒடிசா முடிவு நினைவுக்கு வரும். படிப்புக்கு அது உதவாது, சும்மா சொன்னேன்.

நான் என்ன செய்தேன் என்றால், ஒரு பருவம் முழுக்கப் புதுச்சேரி சனிக்கிழமைகள், அப்புறம் ஒரு அடித்தள வகுப்பு, அடுத்த வருடம் அதே தீவு, அதே பயிற்றுநர். ஆறு நாள் வகுப்பு ஆறு நாளில் முடிந்தது. மொத்தச் செலவைக் கூட்டினால் முதல் தடவை வீணாக்கியதுதான் பெரிய தொகை.

தம்பி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, டீக்கடை பெஞ்சிலேயே முன்னால் குனிந்து, வலது கையைத் தலைக்கு மேல் வளைத்துப் பிடரியைத் தாண்டி முதுகுச் சட்டையைப் பிடித்துக் காட்டினான். "எட்டுது அண்ணா." இடது கையும் எட்டியது. கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. சனிக்கிழமை அவனோடு புதுச்சேரி போகிறேன், கேமரா என் கையில்.